தாதிய மாணவரிடைத் தோழமை

தாதித் தொழில் பயில்வோர் வகுப்பறையிற் கற்பவற்றைப் போலவே நோயாளரின் படுக்கையருகிற் கற்பனவும் பலவாம். ஆங்கு அவர் எதிர்கொள்வன நோவும் அழுகையும் சாவும். பதினெட்டு, இருபது வயதினர் ஒருவர், இறந்தோரின் உடலை முதன்முறையாகக் கழுவித் துணியாற் போர்த்திய அன்றிரவு, அதனை யாரிடஞ் சொல்லி ஆறுவர்? சிறியதாகத் தோன்றும் இவ்வினாவுக்குத் தாதியர் கல்வியின் வரலாற்றிற் பெரியதோர் இடமுண்டு.

புளோரன்சு நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரால் திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு 1860ஆம் ஆண்டில் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் நிறுவப்பெற்ற பள்ளி, மாணவியரை ஓரில்லத்தில் ஒருங்கே உறையச் செய்தது. ஒழுக்கங் காத்தலே அவ்வேற்பாட்டின் முதனோக்கம், தோழமை வளர்த்தலன்று. ஆயினும், ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குவோரிடையே உறவு முளைத்தல் இயல்பே. பிற்காலத்திற் பிரித்தானிய வைத்தியசாலைகள் மாணவியரை அணியணியாகச் சேர்த்து, முதற் சில வாரங்கள் தொடக்கப் பயிற்சிப் பள்ளியில் ஒன்றாக வைத்தன. அதன்பின் அவ்வணி சிதறும்: ஒருத்தி சத்திரசிகிச்சைக்குரிய நோயாளர் விடுதிக்கு, மற்றொருத்தி சிறுவர் விடுதிக்கு, வேறொருத்தி இராக்கடமைக்கு.

மாணவியர் வாழ்வில் இத்தகைய ஒழுங்குகள் விளைத்தவற்றை நுணுகி ஆராய்ந்தவர் இசபெல் மென்சிஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர். இலண்டனிற் போதனா வைத்தியசாலையொன்றின் வேண்டுகோளுக்கிணங்கி, தவிஸ்ரொக் நிறுவனத்தின் சார்பில் அவர் செய்த ஆய்வு 1960இல் வெளிவந்தது. பயில்வோருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடியாதே நீங்கினர் என்பதும், அவருட் பெரும்பாலார் பரீட்சையில் தவறியவரல்லர், தாமே விரும்பி விலகியவர் என்பதும் அதிற் கூறப்பட்டன.

அவர் கண்ட காரணம் வியப்புக்குரியது. நோயாளியின் துயர் தாதியைத் தாக்காதிருத்தற் பொருட்டே வைத்தியசாலையின் வழக்கங்கள் பல அமைந்திருந்தன. நோயாளி பெயராலன்றிப் படுக்கையின் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் சுட்டப்பட்டார். ஒருவருக்குச் செய்யவேண்டிய பணி பலரிடையே துண்டு துண்டாகப் பகிரப்பட்டது. மாணவியர் அடிக்கடி, சிலவேளை முன்னறிவிப்பு மிகக் குறைவாக, விடுதிவிட்டு விடுதி மாற்றப்பட்டனர். அம்மாற்றத்தைப் பொருட்படுத்தாதவளே நல்ல தாதியெனப்பட்டாள். நோயாளியிடமிருந்து மாணவியைப் பிரித்த அவ்வழக்கமே, உடன் பயின்ற தோழியரிடமிருந்தும் அவளைப் பிரித்தது. துயரைத் தடுக்க எழுப்பிய மதில், துயரைச் சொல்லி ஆறும் வாயிலையும் அடைத்துவிட்டது எனலாம். மூத்தோரிடஞ் சொல்லலாகாதோ எனின், இளையோரைக் கண்டித்தலே மூத்தோர் கடமையெனக் கொள்ளப்பட்ட இடத்தில் நெஞ்சந் திறத்தல் எளிதன்று.

டெபி றொபேட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபுறத்தைக் காட்டுகின்றது. பயிற்சிக் களத்தில் மாணவர், எதனையும் கேட்கலாம் என்னும் வழக்கமொன்றைத் தம்முள் அமைத்துக்கொள்கின்றனர். யார் எவ்வாண்டினர் என்பது ஆங்குப் பெரிதன்று. நாடித்துடிப்பு எண்ணுகையில் ஏற்படும் ஐயத்தைப் பயிற்றுநரிடம் வெளியிட நாணும் ஒருவர், தோழரிடம் தயங்காது கேட்பர். ஆகவே தோழமை ஆறுதலளிப்பதுமட்டுமன்று, கற்பிப்பதுமாம். தவறான அளவு நோயாளியின் ஏட்டில் ஏறாது தடுக்கவும் அது வல்லது.

ஒரு விடுதிக்கு ஒருவரைத் தனியே விடாது இருவரை அனுப்புதல், கடமை முடிவில் அரைமணி நேரம் கூடியிருக்க இடமளித்தல் என்பன பெருஞ்செலவு வேண்டாதன. எனினும், ஆட்குறையை நிரப்புதலையே கருதிக் கடமைப்பட்டியல் வகுக்கப்படுமிடத்து, எளிதில் விடுபட்டுப்போவனவும் இவையே.