விட்டால் எல்லாம் கறுத்துவிடும்

பலூனில் பறந்தே வட துருவத்தைக் கடந்துவிடலாம் என்று நம்பி, 1897 ஜூலை 11 அன்று ஸ்பிட்ஸ்பெர்கனை ஒட்டிய ஒரு சிறு தீவிலிருந்து மூன்று ஸ்வீடன்காரர்கள் கிளம்பினார்கள். சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே தலைவர். கூடவே நுட் ஃப்ரெங்கல். மூன்றாமவர் நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெரி. படம் எடுக்கும் வேலை அவருடையது. மூன்று நாள்கூடத் தாங்காமல் பலூன் பனிப்பரப்பில் சரிந்தது. பல வாரங்கள் நடந்தும் ஊர் திரும்ப முடியாமல் மூவரும் இறந்துபோனார்கள். 1930இல் குவிட்டோயா என்ற ஆளில்லாத் தீவில் இறங்கிய நார்வேக்காரர்கள் அவர்களது கடைசி முகாமைக் கண்டார்கள். எலும்புகள், நாட்குறிப்புகள் ஆகியவற்றோடு கேமராவும் எடுத்து முடித்த ஃபிலிம்களும் அங்கே கிடந்தன. 33 ஆண்டுகள் பனியிலும் ஈரத்திலும் ஊறிய அந்த ஃபிலிம்களை ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெரி என்ற ஒளிப்பட நிபுணர் கழுவினார். 240 படங்களில் 93 தேறின. சாய்ந்து கிடக்கும் பலூனுக்கு முன்னால் இரண்டு பேர் செய்வதறியாமல் நிற்கும் படம் அதில் ஒன்று.

எடுத்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் 33 ஆண்டுகள் அந்தப் படம் எந்த வடிவில் காத்திருந்தது?

கறுப்பு வெள்ளை ஃபிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. அதற்குள் வெள்ளி புரோமைடு துகள்கள், கொஞ்சம் அயோடைடு கலந்து, சிதறிக் கிடக்கும். ஒரு துகளின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் அதற்குள் நூறு கோடிக்கும் மேல் வெள்ளி அயனிகள் இருக்கின்றன. துகளின் மேல் ஒளி விழும்போது ஓர் எலக்ட்ரான் கழன்று ஓடி, படிகத்தில் குறைபாடு உள்ள ஓர் இடத்தில் மாட்டிக்கொள்ளும். அது பக்கத்தில் அலையும் வெள்ளி அயனி ஒன்றை இழுத்துக்கொள்ள, ஒரு வெள்ளி அணு பிறக்கும். அதே இடத்தில் இப்படி மூன்று, நான்கு அணுக்கள் சேர்ந்துவிட்டால் போதும், அந்தத் துகளின் தலையெழுத்து மாறிவிடும். கர்னி, மோட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1938இல் சொன்ன விளக்கம் இது. ஸ்ட்ரிண்ட்பெரியின் படம் என்று பனிக்கடியில் இருந்தது இந்த அணுக் கொத்துகள்தான். எடுத்த ஃபிலிமையும் எடுக்காத ஃபிலிமையும் கழுவுமுன் அருகருகே வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் அந்த இடத்துக்குப் பின்னால் மாட்டுத் தீவனக் கதை ஒன்று இருக்கிறது. 1920களில் கோடாக் நிறுவனத்தாருக்கு ஒரு தலைவலி. ஒரே செய்முறைதான், ஆனால் சில ஜெலட்டினில் செய்த ஃபிலிம் சுறுசுறுப்பாக ஒளியைப் பிடித்தது, சிலது மந்தமாக இருந்தது. காரணத்தைத் தேடிய சாமுவேல் ஷெப்பர்டு 1925இல் கண்டுபிடித்தது, ஜெலட்டினில் மிகச் சிறு அளவில் கலந்திருந்த கந்தகச் சேர்மங்களை. மாடுகள் மேய்ந்த கடுகுச் செடிகளிலிருந்து வந்தவை அவை. கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் நெடிக்குக் காரணமான அதே எண்ணெய்தான். அந்தக் கந்தகம் துகளின் மேல் நுண்ணிய வெள்ளி சல்ஃபைடு புள்ளிகளை உண்டாக்கும். எலக்ட்ரான்கள் வந்து சிக்குவது அந்தப் புள்ளிகளில். அதன் பிறகு, எந்த மாடு எதை மேய்ந்தது என்பதை நம்பி ஃபிலிம் தயாரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அடுத்து டெவலப்பர். ஒளி பட்ட துகளை டெவலப்பர் கறுப்பு வெள்ளியாக்கும், படாததை விட்டுவிடும் என்றுதான் பள்ளிப் பாடம் சொல்லும். அது முழு உண்மை இல்லை. டெவலப்பருக்கு அப்படிப் பாகுபாடு பார்க்கத் தெரியாது. எலக்ட்ரானைக் கொடுத்து வெள்ளி அயனியை வெள்ளி உலோகமாக்குவது அதன் குணம். எந்தத் துகள் கிடைத்தாலும் அதைச் செய்யும். நான்கு அணுக் கொத்து இருக்கும் துகளில் அந்தக் கொத்து கிரியாஊக்கியாக நின்று வேலையைச் சட்டென்று நடத்திவைக்கும். கொத்து இல்லாத துகளில் அதே வேலை மெதுவாக நடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். போதிய நேரம் விட்டால் எடுத்தது, எடுக்காதது எல்லாமே கறுத்துப் படமே இல்லாமல் போகும். ஆக, படம் என்பது ஒரு ஓட்டப் பந்தயத்தை நடுவில் நிறுத்திப் பார்ப்பது. முந்தியவை கடந்துவிட்டன, பிந்தியவை இன்னும் கிளம்பவில்லை என்ற இடைவெளியில் நிறுத்த வேண்டும். பழைய ஃபிலிம்களில் சிக்கல் இங்கேதான். வெப்பத்தாலும் அண்டக் கதிர்களாலும் ஒளி படாத துகள்களிலும் அணுக் கொத்துகள் தாமாக முளைக்கும், இடைவெளி சுருங்கும், நெகட்டிவ் முழுக்கப் புகை படியும். ஹெர்ட்ஸ்பெரிக்குத் துருவக் குளிர் கைகொடுத்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் இருட்டறையின் விதிகள் எல்லாம் தாமாகப் புரியும். 1927இல் வெளிவந்த டி-76 என்ற டெவலப்பரை எடுத்துக்கொள்வோம். இன்றும் வீட்டில் கழுவுகிறவர்களில் பலர் அதையோ அதன் தம்பி ஐடி-11ஐயோதான் பயன்படுத்துகிறார்கள். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், வெங்காரம் 2 கிராம். மெட்டால்தான் துகளிடம் போய் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் களைத்து நிற்கும். இந்த மென்மையான காரத்தில் தனியாக ஒன்றும் சாதிக்க முடியாத ஹைட்ரோகுயினோன் அந்த மெட்டாலைத் தேற்றித் திருப்பி அனுப்பும். சல்ஃபைட் காற்றிலிருந்து கரைசலைக் காக்கும். துகளின் ஓரங்களைச் சற்றே கரைத்து மணிகளை நைசாக்கவும் செய்யும். கலக்கும்போது ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் மெட்டால், மீதிச் சல்ஃபைட் பிறகு. வரிசையை மாற்றினால் அடர்ந்த சல்ஃபைட் கரைசலில் மெட்டால் கரைய மறுத்து அடியில் தங்கிவிடும்.

ஃபிலிமை ரீலில் சுற்றித் தொட்டிக்குள் வைப்பது கும்மிருட்டில், கையின் உணர்வை மட்டும் நம்பிச் செய்யும் வேலை. நம் ஊரில் கறுப்புத் துணிப்பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு இதைச் செய்பவர்களுக்கு எதிரி வியர்வைதான். கை நனைந்தால் பிளாஸ்டிக் ரீலின் வரிப்பள்ளத்தில் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. முரண்டு பிடித்தால் மடங்கும். பையை மூடியபடியே தொட்டிக்குள் ஃபிலிமைப் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்துக் காயவைத்துக்கொண்டு திரும்பத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பிறகு கடிகாரம். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு, நீர் கலக்காத ஐடி-11இல், 20 டிகிரி செல்சியஸில் 7½ நிமிடம். அந்த 20 டிகிரி யார் வீட்டுக் குழாயில் வருகிறது? மே மாதத்தில் சென்னை மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைத்தாலே தெரியும். சூடு ஏறினால் பந்தயத்தின் வேகம் ஏறும். 24 டிகிரியிலேயே நேரம் ஏறக்குறைய 5½ நிமிடமாகக் குறைந்துவிடும். முப்பதைத் தாண்டினால் இன்னும் சுருங்கும். தொட்டியில் கரைசலை ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் சில நொடிகளே படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியத் தொடங்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடக்கூடாது, நீர்த்துப்போகும். ஒரு பேசினில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, பாட்டில்களை அதில் நிறுத்தித் தெர்மாமீட்டரோடு காத்திருக்க வேண்டும். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டுக் கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுவதும் ஆபத்து. திடீர்ச் சூட்டில் ஜெலட்டின் சுருங்கி, வெடித்த களிமண் போல நெகட்டிவ் முழுக்க வலை விழும். இன்றைய ஃபிலிம்கள் கெட்டிப்படுத்தப்பட்டவை, அவ்வளவு எளிதில் விழாது. அந்தக் காலத்தில் இது பெரிய பிரச்சினை. ஜெலட்டின் உப்பாமல் இருக்க சோடியம் சல்ஃபேட் சேர்த்த வெப்பநாட்டு டெவலப்பர்கள் என்றே தனியாக இருந்தன. 1967இல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் காகிதமும் தந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையை உதகமண்டலத்தில் வைத்ததற்கும் குளிரும் தூசில்லாக் காற்றும்தான் காரணம்.

நேரம் முடிந்ததும் டெவலப்பரைக் கொட்டிவிட்டு, நீர்த்த அசெட்டிக் அமிலம். காரம் இருந்தால்தான் டெவலப்பர் ஓடும். அமிலம் பட்டதும் பந்தயம் நின்றது. ஆனால் ஓடாத துகள்கள் இன்னும் ஃபிலிமிலேயே இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் நாளடைவில் அவையும் கறுக்கும். ஒளிப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் தன் முதல் படங்களைக் காப்பாற்ற உப்புத் தண்ணீரை முயன்று பார்த்தார், பாதிக்கிணறுதான் தாண்டினார். வழி சொன்னவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். வெள்ளி உப்புகளைக் கரைக்கும் ஒரு பொருளை அவர் 1819லேயே கண்டிருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து ஒளிப்படம் பிறந்தபோது அதற்கு வேலை வந்தது. நம் ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்வது அதைத்தான். வெள்ளியோடு கூட்டுச் சேர்ந்து நீரில் கரையும் பொருளாக்கி, மிச்சத் துகள்களை அள்ளிக்கொண்டு போகும். ஹைப்போவுக்கு இன்னும் சத்து இருக்கிறதா என்று பார்க்க, ரோலின் முனையில் வெட்டி எறிந்த துண்டை அதில் போடுங்கள். பால்போல மங்கலாக இருக்கும் துண்டு கண்ணெதிரே கண்ணாடியாகும். அதற்கு எத்தனை நொடி ஆனதோ அதைப்போல் இரண்டு மடங்கு ஃபிலிமை ஊறவிட வேண்டும். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுத்தால் புது ஹைப்போ கலக்கும் நேரம் வந்துவிட்டது. கடைசியில் அலசல். தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் தெருக்களுக்கு இல்ஃபோர்ட் சொல்லும் முறை தோதானது: தொட்டியை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது முறை.

இனி பிரின்ட். சிவப்பு விளக்கு இங்கேதான் வருகிறது. வெள்ளி புரோமைடுக்கு இயல்பாக நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். 1873இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகெல் சாயம் கலந்து அதற்குப் பச்சையும் தெரியவைத்தார். சிவப்பு தெரிய இன்னும் காலம் பிடித்தது. பழைய குடும்பப் படங்களில் பாட்டிமாரின் குங்குமம் மைப் பொட்டாகத் தெரிவதற்கும், வானம் எப்போதும் வெறும் வெள்ளையாகக் கிடப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். பிரின்ட் காகிதத்துக்கு இன்றைக்கும் சிவப்பு தெரியாது. அது தெரியாததால்தான் நாம் பார்த்துக்கொண்டே வேலை செய்யமுடிகிறது.

எல்லாரும் மெச்சுகிற காட்சி, வெற்றுக் காகிதத்தில் முகம் மெல்ல எழுவது. அழகுதான். ஆனால் கற்றுக்கொள்கிறவரை ஏமாற்றுவதும் அதுவே. ஃபிலிமில் பந்தயத்தை நடுவில் நிறுத்தினோம். காகிதத்தில் அப்படிச் செய்யக்கூடாது. பூச்சு மெல்லியது, துகள்கள் சிறியவை. முந்துகிறவை எல்லாம் கடந்து முடிக்கும்வரை விட வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்துக்கு ஒரு நிமிடம், நார்க் காகிதத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல். வேகமாகக் கறுக்கிறதே என்று பயந்து முப்பது நொடியில் உருவி எடுத்தால் கறுப்பு கறுப்பாக இராது, வெள்ளை வெள்ளையாக இராது, சேற்றுத் தண்ணீர்போல ஒரு சாம்பல்தான் மிஞ்சும். கறுப்பு கூடிவிட்டதென்றால் திருத்த வேண்டியது, நெகட்டிவ் வழியாகக் காகிதத்தில் ஒளி பாய்ச்சும் என்லார்ஜரின் நேரத்தை. அதற்குத்தான் ஒரு கீற்றுக் காகிதத்தை அட்டையால் மறைத்து மறைத்து ஐந்தைந்து நொடியாக ஒளி காட்டிச் சோதிப்பது.

கை உண்மையாக நுழைவது அதற்கு அப்புறம். ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோ மாநிலத்து ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேல் நிலா எழுந்ததைப் படம் பிடித்தார். ஒளிமானி தேடியும் கிடைக்காமல், நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்று நினைவில் இருந்ததை வைத்துக் கணக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். நெகட்டிவில் முன்னால் இருந்த கல்லறைத் தோட்டமும் வீடுகளும் மெலிந்துபோயிருந்தன. 1948இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். ஒவ்வொரு முறை பிரின்ட் போடும்போதும் முன்பக்கத்தைக் கையால் மறைத்து, வானத்துக்குக் கூடுதல் ஒளி காட்டினார். ஆரம்பப் பிரின்ட்களில் மேலே மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலத்தவற்றில் வானம் கன்னங்கரேல் என்று இருக்கும். நெகட்டிவ் ஒன்றுதான், எது அசல் படம் என்று கேட்டால் என் ஓட்டு மேகம் தெரியும் பழையதற்கு. ஏலக் கூடத்தில் அதை யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நாமும் அதைத்தான் செய்கிறோம், அட்டைத் துண்டையும் கம்பியில் ஒட்டிய வட்டத்தையும் வைத்துக்கொண்டு. ஒளி போகும் வழியில் கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் விளிம்பு காட்டிக்கொடுக்கும். காய்ந்ததும் பிரின்ட் ஒரு மாற்று கூடுதலாகக் கறுக்கும் என்பதால் ஈரத்தில் மிகச் சரியாகத் தெரிவது காலையில் சற்று மந்தமாக இருக்கும். ஒரு துண்டை ஹேர் டிரையரில் காயவைத்துப் பார்த்த பிறகு கடைசிப் பிரின்டைப் போடுவது காகிதத்தை மிச்சப்படுத்தும்.

மெட்டால் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும், அதனால் இடுக்கியோ கையுறையோ வேண்டும். பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. படத்தில் சேராத வெள்ளியெல்லாம் அதில்தான் கரைந்திருக்கிறது. நீரில் வாழும் உயிர்களுக்கு அது நஞ்சு. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஒன்றை வாளியில் போட்டுச் சில நாள் மூடிவையுங்கள். இரும்பு கரைசலுக்குள் போகும், வெள்ளி கறுப்பு வண்டலாக அடியில் இறங்கும். ஸ்டுடியோக்களும் எக்ஸ்ரே கூடங்களும் நிறைந்திருந்த காலத்தில் இந்தப் பழைய ஹைப்போவை விலை பேசி வாங்கிப் போக ஆட்கள் வந்தார்கள். வீட்டில் கழுவுகிறவரின் வாளியில் சேரும் வண்டலை உருக்கிக் காசாக்கும் அளவு வராது. பாட்டிலில் மூடி எடுத்துவைத்து, வெள்ளி பிரித்தெடுக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் மொத்தமாகக் கொடுக்கலாம்.