மூன்றாம் படிவத் தேர்வும் தமிழ் வகுப்பும்

பேராக்கின் தென்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ வளர்ந்த சிலிம் ரிவர் போன்ற ஊர்களில், ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவருக்குத் தேசிய இடைநிலைப்பள்ளியில் பயிற்றுமொழி மலாயாகிறது. மலாயில் போதிய தேர்ச்சியில்லாதோர் புதுமுக வகுப்பில் ஓராண்டு கழித்தே முதற்படிவம் சேர்ந்தனர். எனவே 1993 முதல் 2013 வரை நடந்த பி.எம்.ஆர். தேர்விலும், 2014இல் தொடங்கிய பிடி3 தேர்விலும், வரலாறு, புவியியல் தாள்கள்கூட இவர்தம் மொழித்திறனையும் சேர்த்தே அளந்தன. அப்புள்ளிகளை அறிவாற்றலின் அளவுகோலாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாதென நாம் கருதுகிறோம்.

தமிழின் நிலை வேறு. அது விருப்பப்பாடம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் வேண்டினாலே வகுப்பு அமையும். அதுவும் பலவிடங்களில் பள்ளி நேரத்திற்குப் புறம்பாகவே நடந்தது. களைத்த மாணவனை அங்கே இருத்தியது, பெரும்பாலும், தேர்வுத்தாள் ஒன்று உண்டு என்பதே எனலாம். பெருந்தொற்றால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் பிடி3 நடைபெறவில்லை; 2022இல் அது நீக்கப்பட்டது. யு.பி.எஸ்.ஆர். தேர்வோ முந்திய ஆண்டே நீங்கியிருந்தது. ஆகவே எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுப்பதா எனத் தயங்கிய மாணவருக்குக் காட்டுதற்கு, ஆசிரியர் கையில் பள்ளி மதிப்பீடு மட்டுமே எஞ்சியது.