மண் கேட்காத மலர்ச் செடி

கிருகப் பிரவேசத்துக்கோ பிறந்த நாளுக்கோ யாராவது ஓர் ஆர்க்கிட் செடியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கைக்கு அடக்கமான தொட்டி. ஒரு முழம்கூட இல்லாத குட்டைச் செடி. நுனியில் ஊதா நிறத்தில் ஒரு கொத்துப் பூ. கூடத்து மேஜையின்மேல் வைத்தால் வீட்டுக்கே தனிக் களை வந்துவிடுகிறது. வாரக் கணக்கில் வாடாமல் நிற்கும் பூவைப் பார்த்து, "காகிதத்தில் செய்ததோ?" என்று வந்தவர்களெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

அப்புறம்? ஒரு நாள் பூ உதிர்கிறது. இலைகளும் ஒன்றிரண்டு பழுத்து விழுகின்றன. வற்றிய குச்சி நாலைந்துதான் மிச்சம். "அதன் ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் குப்பைக் கூடையைத் தேடுகிறோம்.

சகோதரிகளே, சற்றுப் பொறுங்கள்! அநேகமாக அந்தச் செடி சாகவில்லை. அதற்கு வேண்டியது தொட்டி மாற்றம்தான். அதைச் சரியாகச் செய்தால் அந்த வற்றல் குச்சியின் அடியிலிருந்தே புதுத் தண்டு கிளம்பும். தப்பாகச் செய்தாலோ, மூன்றே மாதத்தில் செடி உண்மையாகவே செத்துப் போகும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது விஷயம்தான். அதற்குக் காரணம் அலட்சியம் அல்ல; அளவுக்கு மிஞ்சிய அன்பு!

முதலில், இந்தச் செடி யார் என்று தெரிந்துகொள்வோம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் குட்டை ஆர்க்கிட்டுகளில் பல, டெண்ட்ரோபியம் என்ற இனத்தைச் சேர்ந்தவை. கிரேக்க மொழியில் 'டெண்ட்ரோன்' என்றால் மரம்; 'பயோஸ்' என்றால் வாழ்க்கை. மரத்தில் வாழ்வது என்று பொருள்படும் இந்தப் பெயரை 1799-ல் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் சூட்டினார். கடைகளுக்கு வரும் கலப்பு ரகங்கள் பலவற்றுக்கு மூதாதை, ஆஸ்திரேலியாவின் வடகோடியில் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் வளரும் டெண்ட்ரோபியம் பைஜிப்பம். 1959-ல் குவீன்ஸ்லாந்து இதைத் தன் மாநில மலராகவே ஏற்றுக்கொண்டது. வெப்ப நாட்டுக் குலம். ஆகவே சென்னை வெயிலைக் கண்டு மிரளாது. ஆர்க்கிட் என்றாலே ஊட்டியும் கொடைக்கானலும்தான் என்று நினைக்க வேண்டாம்.

மரத்தின்மேல் வளர்கிறது என்றதும் புல்லுருவியோ என்று சந்தேகம் வரும். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சிப் பிழைப்பது. ஆர்க்கிட் அப்படியல்ல, கிளையைப் பிடித்துக்கொண்டு உட்காரும், அவ்வளவுதான். மழை நீரும், பட்டையின் இடுக்கில் சேரும் சருகும் தூசியுமே அதற்குச் சாப்பாடு. குடியிருக்கிறதே தவிர, வீட்டுக்காரருடைய அடுப்பில் கை வைப்பதில்லை!

இப்போது வேரைப் பாருங்கள். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் இருப்பது போன்ற நூல் வேர் அல்ல. கனமாக, வெள்ளையாக, மெழுகு பூசினாற்போல் இருக்கும். மேலே இருக்கும் அந்த வெள்ளை உறைக்கு வெலாமன் என்று பெயர். அது உயிரற்ற அணுக்களால் ஆன ஒரு பஞ்சு. மழை விழுந்தால் சட்டென்று நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் உலரும். நனைவது, உலர்வது, மறுபடி நனைவது - இதுதான் அந்த வேரின் வாழ்க்கை. அதைத் தோட்டத்து மண்ணில் புதைத்து, காலையும் மாலையும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? மூச்சு முட்டும், பஞ்சு அழுகும், வேர் கூழாகும். வேர் அழுகினால் செடிக்குத் தண்ணீர் ஏறாது, இலை சுருங்கும். இலை சுருங்குவதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம்! ஐயோ பாவம், செடி தண்ணீரிலேயே நின்றுகொண்டு தாகத்தால் சாகிறது.

அப்படியானால் தொட்டியை மாற்றாமலே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அதுவும் கூடாது. கடைத் தொட்டியில் இருக்கும் தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு மூன்று வருஷத்தில் மக்கித் தூளாகிவிடும். தூளானால் அதுவும் மண்ணைப் போலத்தான், காற்று போகாது. போதாக்குறைக்கு, நம் கிணற்றுத் தண்ணீரின் உப்பு வேறு வெள்ளை வெள்ளையாகப் படிந்து வேர் நுனியைக் கருக்கும்.

எப்போது மாற்றுவது? பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டாம், செடியைப் பாருங்கள். தண்டின் அடியில் பச்சையாக ஒரு புது முளை கிளம்பும். அந்த முளையின் காலடியில் சின்னச் சின்ன வேர் நுனிகள் எட்டிப் பார்க்கும். அவை அரை அங்குலம் வளர்வதற்குள் மாற்றுவதுதான் உசிதம். புது வேர் நீண்டுவிட்டால் கை பட்டாலே ஒடியும். முளையே வராத சமயத்தில் மாற்றினாலோ, புது இடத்தில் பற்றிக்கொள்ளச் செடிக்கு வேர் இராது. பூ இருக்கும்போது தொடவே வேண்டாம்.

சாமான்கள் எல்லாம் வீட்டில் இருப்பவைதான். அடுப்புக் கரியைப் பெருவிரல் நுனி அளவுக்கு உடைத்துக் கொள்ளுங்கள். அதே அளவில் ஓட்டுச் சில்லு அல்லது செங்கல் துண்டு. இரண்டையும் தூசி போகக் கழுவி, ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊற வையுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு கொஞ்சம் சேர்க்கலாம். ஆனால் இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி, சிவப்புச் சாயம் இறங்கும் வரை ஊற வைக்க வேண்டும். மண் ஒரு சிட்டிகைகூடக் கூடாது.

தொட்டி விஷயத்தில்தான் நம் மனசு கேட்பதில்லை. "வளரும் செடியாயிற்றே, தாராளமாக இருக்கட்டும்" என்று பெரிய தொட்டியாக எடுத்துவிடுகிறோம். குழந்தைக்குச் சட்டை தைப்பது போல வளர்த்தி பார்த்து எடுக்கிற சமாசாரம் அல்ல இது! பெரிய தொட்டியின் நடுவில் ஈரம் உலரவே உலராது. வேர்கள் அடங்கி, புது முளைக்கு முன்னால் இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். குட்டைச் செடிக்கு நாலு அங்குல மண் தொட்டி பெரும்பாலும் சரியாக இருக்கும். அடியில் மட்டுமின்றிப் பக்கங்களிலும் துவாரம் உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் விசேஷம். காற்றில் சாய்ந்துவிடும் என்று பயந்தால், அந்தத் தொட்டியைக் கனமான ஒரு காலித் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள்.

இனி வேலை. செடியைப் பழைய தொட்டியோடு அரை மணி நேரம் தண்ணீரில் வைத்தால் வேர்கள் துவண்டு கொடுக்கும். மெதுவாக வெளியே எடுத்து, மக்கிய தூளை உதறிக் கழுவுங்கள். வேரை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பது உயிருள்ளது. பழுப்பாக, கொழகொழவென்று, தோல் உருவிக்கொண்டு வருவது செத்தது. செத்ததை மட்டும் வெட்டுங்கள். கத்தரிக்கோலை முதலில் நெருப்பில் காட்டி ஆற வைப்பது அவசியம். ஆர்க்கிட்டுகளைத் தாக்கும் வைரஸ் நோய்கள் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு ஆயுதத்தின் வழியாகவும் தொற்றும். தொற்றினால் மருந்து கிடையாது.

இலை உதிர்ந்த பழைய தண்டுகளைக் கண்டால் கை துறுதுறுக்கும். வெட்டாதீர்கள்! பச்சையாகவோ கெட்டியாகவோ இருக்கும் வரையில் அவைதான் செடியின் அரிசிப் பானை. தண்ணீரும் உணவும் அவற்றில்தான் சேமிப்பு. சில சமயம் அந்த மொட்டைத் தண்டிலிருந்தே மறுபடி பூங்கொத்து வரும். செடியைப் பிரிக்க ஆசைப்பட்டால், பங்கு ஒன்றுக்கு மூன்று நாலு தண்டாவது இருக்கட்டும். தண்டை வெட்டிய வாயில் இலவங்கப் பட்டைத் தூளைத் தொட்டு வைக்கலாம். ஆனால் நல்ல வேரில் அது படக் கூடாது, காய்ந்துவிடும்.

பழைய தண்டுகள் தொட்டியின் விளிம்பை ஒட்டியும், புது முளை நடுவை நோக்கியும் இருக்கும்படி செடியை வையுங்கள். செடி முன்னால் நடந்து போகிற ஜாதி. போகிற பக்கம் இடம் வேண்டும். சுற்றிலும் கரியும் சில்லும் போட்டு, தொட்டியை லேசாகத் தட்டி அமர்த்துங்கள். முளையின் அடிப்பாகம் புதையக் கூடாது. மேலாக உட்கார்ந்திருக்க வேண்டும். பிடிப்பு வரும் வரையில் செடி ஆடும். ஆடினால் புது வேர் நுனி உராய்ந்து நசுங்கும். ஆகவே ஒரு குச்சியை நட்டு, நூலால் கட்டுவதை மறக்க வேண்டாம்.

அடுத்த ஒரு வாரம்தான் பொறுமைக்குச் சோதனை. தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும். வேண்டாம். நிழலான வெளிச்சத்தில் வைத்து, காலை வேளையில் இலையின்மேல் லேசாகத் தெளித்தால் போதும். வெட்டுக் காயம் ஆற வேண்டாமா? பிறகு மெல்ல மெல்லத் தண்ணீர். முதலில் ஊற்றியது உலர்ந்த பிறகே அடுத்தது. மழை நீர் பிடித்து வைத்திருந்தால் அமிர்தம். வேர்கள் இரண்டு அங்குலம் ஓடிய பிறகு உரம், அதுவும் டப்பாவில் சொன்னதில் கால் பங்கு. காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னலோ, வடிகட்டிய வெளிச்சம் உள்ள மாடி வராந்தாவோ நிரந்தர இடமாகட்டும்.

தண்டின் உச்சியில் வேரும் இலையுமாக ஒரு குட்டிச் செடி முளைத்தால் பயப்படாதீர்கள். 'கெய்க்கி' என்று அதற்குப் பெயர். ஹவாய்த் தீவு மொழியில் குழந்தை என்று அர்த்தம். அதன் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் பிரித்து, இன்னும் சின்னத் தொட்டியில் வைத்தால் தனிக் குடித்தனம் ஆயிற்று.

தொட்டி மாற்றிய வருஷம் பூக்காமல் போகலாம். அதற்காக மனம் தளர வேண்டாம். அந்த வருஷம் செடி வேருக்காகப் பாடுபடுகிறது. வேர் நுனி பச்சையாக, ஈரப் பசையோடு மின்னுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னினால் உங்கள் கை ராசியான கைதான். பூ தானாக வரும்.