மாந்தர் இல்லாக் காசி: இராம்குமாரின் நிலக்காட்சிகள்

இந்திய நவீன ஓவியத்தில் நிலக்காட்சியை அருவ வடிவில் தீட்டியவர்களுள் இராம்குமார் (1924–2018) குறிப்பிடத்தக்கவர். சிம்லாவில் பிறந்த இவர், டில்லியில் பொருளியல் பயின்றபின் பாரிசு நகர் சென்று ஆந்த்ரே லோத், பெர்னான் லெஜே ஆகியோரிடம் ஓவியம் கற்றார். இந்தியில் சிறுகதைகளும் எழுதினார். 1950களில் இவருடைய ஓவியங்களை நிறைத்திருந்தோர், நகர வாழ்வில் வேலையின்றித் தனித்து நின்ற துயர்முக மாந்தரே ஆவர்.

1960இல் ஓவியர் உசேனுடன் காசிக்கு மேற்கொண்ட பயணம் இவரது கலையில் திருப்பமாக அமைந்தது. மக்கள் நெரியும் படித்துறைகளைக் கண்டு மீண்டவரின் ஓவியங்களிலிருந்து மாந்தர் மறைந்தனர். நெருங்கிச் சாய்ந்த வீடுகளும் படிகளும் ஆறுமே எஞ்சின. காலப்போக்கில் அவையும் சாம்பல், பழுப்பு, நீல வண்ணத் தீற்றல்களாகக் கரைந்தன.

மனிதத் துயரை இவர் கைவிட்டாரோ என்னும் ஐயம் இங்கு எழலாம். முன்னர் முகங்களில் தேங்கிய துயர், பின்னர் நிலம் முழுவதும் பரவியது என்பதே பொருந்தும். தமிழ்த் திணைமரபின் சொற்களால் விளக்கின், மக்கள் முதலான கருப்பொருள் நீங்க, நிலமாகிய முதற்பொருளும் உணர்வாகிய உரிப்பொருளும் இவ்வோவியங்களில் நிலைபெறுகின்றன. நினைவின் இயல்பும் இத்தகையதே. ஓர் ஊரைப் பிரிந்து ஆண்டுகள் பல கழிந்தபின், அங்குக் கண்ட முகங்கள் மங்கிவிடும். அவ்வூர் நெஞ்சில் பதித்த உணர்வு மங்குவதில்லை. அவ்வுணர்வுக்கு வண்ணத்தால் உருவம் தந்தமையே இராம்குமாரின் தனிச்சிறப்பு எனலாம்.