ஒருவும் ஓரும்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், மருதமுனையைக் கடந்ததும் வருவது பெரியநீலாவணை. கவிஞர் நீலாவணன் பிறந்த ஊர் என்றால் இலக்கிய அன்பர்களுக்கு வேறு அறிமுகம் வேண்டா. அவ்வூரில் மாலை வேளைகளிலே சில பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் அரிச்சுவடியைக் கற்பித்து வருகிறேன்.

அவர்களுள் ஒரு மாணவி சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள். தமிழ்ப் பாடத்திலே வகுப்பில் முதல்வி. ஆங்கிலப் பயிற்சியைக் கொடுத்தாலோ வெறுந்தாளையே திருப்பித் தருவாள். "எனக்கு இங்கிலீஸ் வராது, சேர்" என்பதற்கு மேல் பேச்சில்லை. ஐந்து உயிரெழுத்துகளுக்கு முன் 'ஆன்', ஏனையவற்றுக்கு முன் 'ஏ' என்று மனனஞ்செய்திருந்தாள். விதியை நம்பி 'ஆன் யூனிவேர்சிற்றி' என்று எழுதினாள், வகுப்பே சிரித்ததாம். அன்று மூடியது அவள் வாய்.

"ஊருக்கு முன் ஒருவா, ஓரா?" என்று கேட்டேன்.

"ஓர் ஊர்."

"வீட்டுக்கு?"

"ஒரு வீடு. உயிர் முதலானால் ஓர், மற்றதெல்லாம் ஒரு."

"அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுது பார்ப்போம்."

எழுதினாள். முதலெழுத்து 'யூ', உயிர்மெய். அடுத்து, மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுதச் சொன்னேன். 'அவர்' என்று வந்தது. ஆங்கில நெடுங்கணக்கில் அதன் முதலெழுத்து மெய்தான். ஆனால் அது ஒலிப்பதில்லை. செவிக்கு உயிரே முதல். எனவே ஏ யூனிவேர்சிற்றி, ஆன் அவர். கண்ணுக்குரிய விதியன்று, காதுக்குரிய விதி என்பதை அவளுடைய கையெழுத்தே காட்டிக் கொடுத்தது. ஆங்கிலத்தின் 'ஆன்' என்பதும் பழங்காலத்தில் 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயராகவே இருந்தது. எண்ணுப்பெயரிலிருந்து பிறந்த நம் 'ஒரு', 'ஓர்' இரண்டுக்கும் அது தூரத்து உறவுபோலத் தோன்றவில்லையா?

எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதாக வழி திறப்பதில்லை. பெட்டியில், சுவரில், சந்தியில் என்று நாம் ஒரே 'இல்' உருபால் முடித்துவிடுவதை ஆங்கிலம் 'இன்', 'ஒன்', 'அற்' என மூன்றாகப் பிரிக்கும். அதுவும் பெயருக்கு முன்னே நிறுத்தும். 'அவர் ஆசிரியர்' என்பதில் நமக்கு வினையே வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கோ இடையில் ஓர் 'இஸ்' இல்லாமல் வாக்கியம் நிற்காது. மழை பெய்தாலும் 'இற் இஸ் றெயினிங்' என்று எழுவாயொன்றை வலிந்து கொண்டுவர வேண்டும். அந்த 'இற்' யார் என்று ஒரு சிறுவன் கேட்டான். இன்றுவரை அவனுக்கு முழுமையான விடை சொன்னேனா என்பது ஐயமே. ஆயினும், பெயர்ப்பயனிலை இன்னதென்று தமிழில் அறிந்த பிள்ளைக்கு 'இஸ்' ஏன் வருகிறது என்று விளக்க ஐந்து நிமிடம் போதும். அறியாத பிள்ளைக்கு அது வெறும் தண்டனை.

நான் படித்த பள்ளியில் ஆங்கிலப் பாடவேளையில் தமிழ்ச்சொல் பேசினால் பிரம்புதான். தமிழ் இலக்கணம் ஓர் அறையிலும் ஆங்கில இலக்கணம் மற்றோர் அறையிலும் ஒன்றையொன்று அறியாமலே வாழ்ந்தன. 1945 இல் இலவசக் கல்வி வரும்வரை ஆங்கிலம் பெரும்பாலும் பணம் கட்டிப் படித்தவர்களின் சொத்தாக இருந்தது. அந்த அச்சம் இன்னும் வீடுகளில் எஞ்சியிருக்கிறது. மருத்துவத்தையும் பொறியியலையும் நம் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றன. தமிழில் முதல்வியான பிள்ளை அவ்வாசலில் நின்று திரும்பினால் அது யாருடைய குறை?

தெற்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியான அவரே 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். இரு மொழியும் ஒரு தலைக்குள் பகையின்றி இருந்தன.

சொற்களைக் கற்பிக்கும்போது கடற்கரையையே துணைக்கழைப்பேன். ஆங்கில அகராதியிலுள்ள 'கட்டமறான்' நம் கட்டுமரமே. அங்கே போய் இரட்டை உடல் கொண்ட படகாகிவிட்டது. சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அவ்வாறே கப்பலேறியவை. இதைக் கேட்ட மீனவர் வீட்டுச் சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்த விதம் கண்ணுக்குள் நிற்கிறது.

சென்ற வாரம் அம்மாணவி தன் ஊரைப் பற்றி ஆறு வரிகள் எழுதித் தந்தாள். இரண்டிடத்தில் 'இஸ்' விடுபட்டிருந்தது. கடற்கரைக்கு முன் 'ஒன்' வர வேண்டிய இடத்தில் 'இன்' இருந்தது. கடைசி வரியில், தான் படிக்க விரும்பும் யூனிவேர்சிற்றிக்கு முன்னால், 'ஏ' சரியாக நின்றது.