ஆண்களுக்கு ‘எப்பவும் அதே நினைப்பு’தானா? ஆய்வுகள் சொல்வது என்ன?

“ஆம்பளைங்களுக்கு ஏழு செகண்டுக்கு ஒரு தடவை செக்ஸ் நினைப்பு வருமாம்!” - வாட்ஸ்அப் ஃபார்வர்டு முதல் டீக்கடை அரட்டை வரை அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால், ஒரு நாளைக்கு 8,000 முறைக்கு மேல் வருகிறது. அது உண்மையென்றால், ஒரு மெயிலைக்கூட எவராலும் உருப்படியாக டைப் செய்து முடிக்க முடியாது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால், இதே நம்பிக்கை படுக்கையறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனைவிக்கு மனமில்லை என்றால், “என்னைப் பிடிக்கலையோ?” என்று கணவர் நினைக்கிறார். “எனக்குத்தான் ஏதோ குறையோ?” என்று மனைவி குழம்புகிறார். ஆர்வம் குறைவாக இருப்பது கணவருக்கு என்றால் இன்னும் சிக்கல். ‘ஆம்பளைன்னா எப்பவும் ரெடியா இருக்கணும்’ என்ற எதிர்பார்ப்பால், அவர் வாயே திறப்பதில்லை.

கையில் ஒரு கிளிக்கர்

இந்த ‘ஏழு செகண்ட்’ கதையைச் சோதித்துப் பார்த்தவர், அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டெர்ரி ஃபிஷர். 283 கல்லூரி மாணவர்களிடம் எண்ணிக்கைக் கருவியான கிளிக்கரைக் கொடுத்தது அவரது குழு. ஒரு பிரிவினர் செக்ஸ் நினைப்பு வரும்போதும், இன்னொரு பிரிவினர் சாப்பாட்டு நினைப்பு வரும்போதும், மூன்றாவது பிரிவினர் தூக்க நினைப்பு வரும்போதும் அதை அழுத்த வேண்டும். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

2012-ல் வெளியான முடிவு இதுதான். எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்கும் ஆண் ஒரு நாளைக்குச் சுமார் 19 முறை செக்ஸ் பற்றி நினைத்திருந்தார். நடுவில் நிற்கும் பெண் சுமார் 10 முறை. வித்தியாசம் இருக்கிறது. ஆனால், ஆண்கள் சாப்பாட்டையும் தூக்கத்தையும்கூட பெண்களைவிட அதிகமாகவே நினைத்திருந்தார்கள்.

ஆண்களுக்குள்ளேயே ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை அழுத்தியவரும் உண்டு, 388 முறை அழுத்தியவரும் உண்டு. பெண்களிலும் 1 முதல் 140 வரை இருந்தது.

சொல்வது ஒன்று, இருப்பது ஒன்று

இதே ஃபிஷர், மிஷேல் அலெக்ஸாண்டருடன் சேர்ந்து 2003-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் சுவாரஸ்யமானது. இதுவரை எத்தனை பேருடன் உறவு இருந்தது என்பது கேள்வி. தங்கள் பதிலை யாராவது பார்த்துவிடலாம் என்ற நிலையில் பெண்கள் சொன்ன சராசரி 2.6. பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி என்று நம்பவைத்து ஒரு போலி மெஷினோடு இணைத்துக் கேட்டபோது, அது 4.4 ஆனது. ஆண்களின் பதிலோ 3.7-லிருந்து 4.0 என்று கொஞ்சம்தான் நகர்ந்தது.

‘நாலு பேர் என்ன நினைப்பாங்க?’ என்ற பயம் ஆய்வுத் தாளிலேயே எட்டிப் பார்க்கிறது.

அப்போ வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. 2022-ல் ‘சைக்காலஜிகல் புல்லட்டின்’ இதழில் வந்த ஆய்வு, 6.2 லட்சம் பேர் தொடர்பான 211 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. பாலியல் உந்துதல் சராசரியாக ஆண்களுக்கு அதிகம் என்பது அதன் முடிவு. கூச்சத்தால் மாறும் பதில்களுக்கு இடம் கொடுத்துப் பார்த்தாலும் இடைவெளி முழுதாக மறையவில்லை.

ஆனால், அந்த இடைவெளியை வைத்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய நாலில் ஒரு பெண்ணின் ஆர்வம் ஒரு சராசரி ஆணைவிட அதிகம். லட்சக்கணக்கானவர்களின் சராசரி, ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேரைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லிவிடாது.

ஆசை முதலில் வருமா, பிறகு வருமா?

முதலில் ஆசை, அதன் பிறகே நெருக்கம் என்பதுதான் நீண்டகாலமாக இருந்த புரிதல். கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன், 2000-ல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். நீண்டகால உறவில் இருக்கும் பல பெண்களுக்கு ஆசை தானாக முளைப்பதில்லை. மனசுவிட்ட பேச்சு, அன்பு, தொடுதல் எல்லாம் தொடங்கிய பிறகுதான் அது எழுகிறது. இது நோய் அல்ல, ஆசை வேலை செய்யும் இன்னொரு விதம். ஆண்களிலும் இப்படி இருப்பவர்கள் உண்டு.

இதை, ‘ஆரம்பிச்சா சரியாயிடும்’ என்று வற்புறுத்துவதற்கான லைசென்ஸாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெருங்குவதற்கான விருப்பம் அவரிடம் இருந்தால்தான் இந்த விளக்கமே பொருந்தும்.

ஆக்சிலரேட்டரும் பிரேக்கும்

கின்ஸி இன்ஸ்டிடியூட்டின் ஜான் பான்கிராஃப்ட், எரிக் ஜான்ஸன் ஆகியோரின் கோட்பாடு இன்னும் எளிமையானது. மூளையில் பாலியல் கிளர்ச்சிக்கு ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டும் உண்டு. ஒவ்வொருவருக்கும் இவற்றின் அளவு மாறும். கர்ப்பம் தரித்துவிடுமோ என்ற பயம், உடம்பைப் பற்றிய கூச்சம், அடுத்த அறையில் மாமியார், காலை ஆறு மணி அலாரம்... எல்லாமே பிரேக்கை அழுத்தலாம். பிரேக்கில் கால் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து என்ன பயன்?

பாத்திரம் தேய்ப்பதும் இந்தப் பட்டியலில் வரக்கூடும். எமிலி ஹாரிஸ், சாரி வான் ஆண்டர்ஸ் உள்ளிட்டோர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, ஆண் துணையோடு வாழும் 1,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் நடந்தது. வீட்டு வேலையில் பெரும்பங்கைச் சுமந்த பெண்களுக்குத் துணை மீதான ஆசை குறைவாக இருந்தது. துணையையும் தான் கவனிக்க வேண்டிய இன்னொரு ஆளாக அவர்கள் பார்ப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறது ஆய்வு.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

முன்பு இருந்த ஆர்வம் திடீரெனக் குறைந்து, அது மனசை உறுத்தினால் டாக்டரைப் பார்க்கலாம். சில மனச்சோர்வு மாத்திரைகள், தைராய்டு பிரச்சினை, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், உறவின்போது வலி என உடல் சார்ந்த காரணங்கள் நிறைய உண்டு. மாத்திரைதான் காரணம் என்று தோன்றினாலும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

மற்றபடி, இருவருக்கும் ஆர்வம் ஒரே அளவில் இல்லாதது அன்பு குறைந்துவிட்டதற்கான சான்று அல்ல. “உனக்கு ஏன் தோணவே மாட்டேங்குது?” என்று கேட்டால், எதிரில் இருப்பவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். “இப்போ உன்னை எது அழுத்திட்டு இருக்கு?” என்று கேட்டுப் பார்த்தால், பேச்சாவது தொடங்கும்.