ஜார்ஜ்டவுன் குடிக்கும் தண்ணீர்

மாணவர்களே, தைப்பூசத்திற்குப் பினாங்கு போகிறவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், ‘தண்ணீர்மலைக்கு’ என்பார்கள். முருகன் கோவில் இருக்கும் மலைக்குத் தண்ணீரின் பெயர் ஏன் வந்தது? அருகில் உள்ள நீர்வீழ்ச்சிதான் காரணம். ஜார்ஜ்டவுன் நகரம் அந்த இடத்தில் வளர்ந்ததற்கும் அந்த நீர்வீழ்ச்சிக்கும் தொடர்பு உண்டு.

முதலில் வரைபடத்தில் மலாக்கா நீரிணையின் வட முனையைப் பாருங்கள். மேற்கே சுமத்ராவின் மலைகள், கிழக்கே நம் தித்திவாங்சா மலைத்தொடர். பருவக்காற்றுகளின் வேகத்தை இவை குறைத்துவிடுவதால் நீரிணையில் பெரிய அலைகள் அதிகம் எழுவதில்லை. ஜார்ஜ்டவுன் தீவின் வடகிழக்கு மூலையில், பெருநிலத்தைப் பார்த்தபடி இருக்கிறது. எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் சுமார் 3 கிலோமீட்டர்தான். பாய்மரக் கப்பல்கள் நங்கூரமிட வசதியான இடம். தென்மேற்குப் பருவக்காற்றில் நாகப்பட்டினம், நாகூர்ப் பக்கமிருந்து கிளம்பிய கப்பல்கள் இங்கே வந்து சேரும். வடகிழக்குக் காற்று தொடங்கியதும் ஊர் திரும்பும். அப்படி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் நினைவாகச் சூலியா தெரு இன்றும் இருக்கிறது.

1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கினார். காட்டை வெட்டவைக்க, வெள்ளி நாணயங்களைப் பீரங்கியில் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம்! சுவையான கதைதான். ஆனால் துறைமுகம் நிலைக்க வேண்டுமானால், மாதக்கணக்கில் கடலில் வந்தவர்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். அதைக் கொடுத்தது மலை.

எப்படி? கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்கிறது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். கொடிமலைப் பகுதியின் உச்சி 833 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 5.4 பாகை குறைகிறது. குளிர்ந்த காற்றில் உள்ள நீராவி மேகமாகி மழையாகிறது. அடியில் இருப்பது கருங்கல். அதன் உள்ளே நீர் எளிதில் இறங்காது. அதற்கு மேல் சிதைந்த பாறையும் காட்டு மண்ணும் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து, விரிசல்கள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மழை இல்லாத நாளிலும் ஓடையில் நீர் வருவது இதனால்தான். காட்டை அழித்தால் மழைநீர் மண்ணோடு ஒரே நாளில் கடலுக்குப் போய்விடும்.

நகரம் பெருகியபின் ஓடைகள் போதவில்லை. 1962இல் ஆயர் ஈத்தாம் அணையும் 1999இல் தெலுக் பாஹாங் அணையும் வந்தன. அவையும் போதவில்லை. இன்று பினாங்கு மாநிலத்தின் குடிநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. பெருநிலத்தில் உள்ள சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய்கள் வழியே தீவுக்கு வந்து சேர்கிறது. 2024 ஜனவரியில் அந்த நிலையத்தில் வால்வுகளை மாற்றியபோது பல நாள் குழாய்நீர் தடைபட்டதைப் பினாங்கு மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சுங்கை மூடாவுக்கு நீர் தரும் உலு மூடா காடு கெடா மாநிலத்தில் இருக்கிறது. ஆற்றுநீருக்குப் பினாங்கு பணம் தரவேண்டும் என்று கெடா அரசு கேட்கிறது, பினாங்கு மறுக்கிறது. அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது வரைபடத்தை எடுத்து, ஆறு எந்த இடத்தில் மாநில எல்லையைத் தொடுகிறது என்று தேடிப் பாருங்கள்.